சபைக்கு முன்பே தெரிந்த மெட்டு

“ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘அவர் ஆழ்ந்த விசுவாசி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அந்த விசுவாசமும் கிறிஸ்தவ வளர்ப்பும் அவருடைய இசைக்குள் உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா? இல்லை, ஆலயம் சம்பளம் கொடுத்தது, அவர் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதானா?” என்று கேட்டிருந்தீர்கள்.

இறங்கியிருக்கிறது. எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்று விரல் வைத்தே காட்டலாம். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு லுத்தரன் சபையில் ஆர்கன் வாசிக்கிறேன். பாக் நான்கு குரல்களுக்கு அமைத்த கோரால்களை வாசித்துத்தான் என் விரல்கள் பழகின. கோரால் என்றால் வேறொன்றுமில்லை, சபையார் எல்லோரும் சேர்ந்து பாடுகிற பாட்டு. நாம் ஞானப்பாட்டு என்றும் பாமாலை என்றும் சொல்வது. உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தப் பாட்டுகளில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜோஹன் செபாஸ்டியன் பாக் பிறந்தது 1685-ல், ஐசனாக் என்ற ஊரில். ஊருக்கு மேலே குன்றில் வார்ட்புர்க் கோட்டை. 1521-ல், லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூதர் தலைமறைவாக இருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தது அந்தக் கோட்டையில்தான். லூதர் பையனாக இருந்தபோது படித்த லத்தீன் பள்ளியும் அதே ஊர்தான். அந்தப் பள்ளியில்தான் பாக்கும் படித்தார். லூதர் தானே பாட்டெழுதியவர், லூட் என்ற நரம்புக் கருவி வாசித்தவர், தெய்வசாஸ்திரத்துக்கு அடுத்த இடம் இசைக்கு என்று சொன்னவர். அவர் வழிவந்த பள்ளிகளில் வேதமும் ஞானோபதேசமும் எப்படிப் பாடமோ, பாட்டும் அப்படியே பாடம்.

பத்து வயது நிறைவதற்குள் பாக்குக்குத் தாயும் போனார், தகப்பனும் போனார். அண்ணன் ஓர்ட்ரூஃப் என்ற சிற்றூரில் ஆர்கன் வாசிப்பவர்; அவர் வீட்டில் வளர்ந்தார். பதினைந்து வயதில் லூனபுர்க் நகரத்துக்குப் போனார். அங்கே புனித மிக்கேல் ஆலயத்துப் பள்ளியில், குரல் நன்றாக இருக்கிற ஏழைப் பையன்களுக்குப் படிப்பும் சாப்பாடும் இலவசம், பாடகர் குழுவில் பாட வேண்டும். இதைச் சும்மா தகவலாகக் கடந்துவிடாதீர்கள். அனாதைப் பையனுக்கு ஆலயம்தான் சோறு, ஆலயம்தான் கூரை, ஆலயம்தான் தொழில் கற்ற பட்டறை. ‘விசுவாசம் வேறு, வேலை வேறு’ என்று நாம் இன்று பிரிப்பதுபோல அவருக்குப் பிரித்துக் காட்டியிருந்தால் புரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

சரி, அந்த வளர்ப்பு இசைக்கலைஞனாக அவருக்கு என்ன கொடுத்தது? பக்தி உணர்ச்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதைவிட உறுதியான ஒன்றைச் சொல்வேன். நூற்றுக்கணக்கான மெட்டுகள், அவற்றின் வார்த்தைகளோடு, அவருக்குள் மனப்பாடமாக இருந்தன. கேட்க உட்கார்ந்திருக்கிற ரொட்டிக் கடைக்காரர், நகரசபை உறுப்பினர், வேலைக்காரப் பெண் எல்லோருக்குள்ளும் அதே மெட்டுகள் அதே வார்த்தைகளோடு இருந்தன. அவர் ஒரு மெட்டின் முதல் நான்கு ஸ்வரத்தை வாசித்தாலே போதும், கேட்பவர் மனதில் பாட்டின் வரி தானாக ஓடும். எழுதும்போதே அவருக்கு இது தெரியும். அதை வைத்து அவர் செய்த காரியங்கள்தான் ஆச்சரியம்.

1707 வாக்கில், இருபத்திரண்டு வயதில், ஒரு இறுதிச் சடங்குக்காக எழுதியதாகக் கருதப்படும் கான்டாட்டா ஒன்று இருக்கிறது. கான்டாட்டா என்றால் குரல்களும் கருவிகளும் சேர்ந்து, பல பகுதிகளாக வருகிற இசை. ‘ஆக்டஸ் டிராஜிகஸ்’ என்று பெயர். அதன் நடுவில் கீழ்க்குரல்கள் மூன்றும் ஒன்றையொன்று துரத்தியபடி ‘மனிதனே, நீ சாகத்தான் வேண்டும்’ என்கிற பழைய கட்டளையைப் பாடுகின்றன. மேலே சொப்ரானோ குரல் ‘ஆம், வாரும், கர்த்தராகிய இயேசுவே’ என்று மட்டும் திரும்பத் திரும்பப் பாடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே புல்லாங்குழல் போன்ற ரெக்கார்டர்கள் ஒரு கோரால் மெட்டை வாசிக்கின்றன, வார்த்தை இல்லாமல். ‘என் காரியத்தைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன்’ என்று தொடங்கும் பாட்டு அது. யாரும் அந்த வரியைப் பாடுவதில்லை, ஆனால் அந்த ஊர்ச் சபையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் உள்ளுக்குள் பாடியிருப்பார்கள். இசையின் ஒரு பாகத்தை அவர் கேட்பவர்களின் நினைவிலேயே எழுதிவிட்டார். முடிவில் கீழ்க்குரல்கள் அடங்கிவிடுகின்றன, கருவிகள் நின்றுவிடுகின்றன, சொப்ரானோ மட்டும் தனியாக இயேசுவின் பெயரைச் சொல்லித் தேய்கிறது. அதற்குப் பிறகு ஒரு முழுத் தாள அளவு மௌனம். தாய் தகப்பனை மண்ணில் வைத்ததைச் சின்ன வயதிலேயே பார்த்தவர் எழுதிய மௌனம் அது. நான் அப்படித்தான் கேட்கிறேன்.

இன்னொரு இடம், இதைவிடப் பேர்பெற்றது. மத்தேயு சுவிசேஷத்தின்படியான பாடுகளின் இசை; பாடுகள் என்றால் இயேசு பட்ட துன்பங்கள். 1727 பெரிய வெள்ளியன்று லைப்சிக் நகரத்துப் புனித தோமா ஆலயத்தில் முதலில் பாடப்பட்டது. இராப்போஜனத்தில் இயேசு, “உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்” என்கிறார். சீஷர்கள் பதறிப்போய் “ஆண்டவரே, நானோ, நானோ” என்று கேட்கிறார்கள். பாடகர் குழு ஒரு சில நொடியில் பாடிவிட்டுப் போகிற இடம். அதில் ‘ஆண்டவரே’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: பதினொரு முறை வரும். பன்னிரண்டு பேரில் யூதாஸ் வாயைத் திறக்கவில்லை! அடுத்த நொடி, கதையை அப்படியே நிறுத்திவிட்டு, சபைக்குத் தெரிந்த ஒரு கோரால் வருகிறது. அதன் முதல் சொற்கள்: ‘நான்தான். தண்டிக்கப்பட வேண்டியவன் நான்தான்.’

‘நானோ’ என்று சீஷர்கள் கேட்டதற்குச் சபையின் பாட்டு ‘நான்தான்’ என்று பதில் சொல்கிறது. யூதாஸைத் தேடிக்கொண்டிருந்த கேட்பவர் தன் வாயில் சின்ன வயது முதல் இருக்கிற பாட்டாலேயே பிடிபடுகிறார். பாவம் தனக்குரியது, பெரிய வெள்ளியன்று நடந்தது தன்னைப் பற்றியது என்று ஒரு லுத்தரன் பிள்ளைக்கு வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்தது இங்கே இசையின் வடிவமாகவே மாறிவிட்டது. விசுவாசத்தை எடுத்துவிட்டால் இந்த இடத்தில் அந்தக் கோராலை வைக்கக் காரணமே கிடையாது. திறமை மட்டும் இருந்தவர் அங்கே இன்னொரு அழகான தனிப்பாட்டைப் போட்டிருப்பார்.

அதே இசையில் இயேசு பேசும்போதெல்லாம் வயலின் வகைக் கருவிகள் மெல்லிய நீண்ட ஸ்வரங்களால் அவர் குரலைச் சூழ்ந்து நிற்கும். படங்களில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போடுவார்களே, அதுபோல. சிலுவையில் “ஏலி, ஏலி, லாமா சபக்தானி”, அதாவது ‘என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கூப்பிடும்போது மட்டும் அந்த நரம்பிசை இல்லை. கைவிடப்பட்டவருக்கு ஒளிவட்டம் இல்லை. பிரசங்கத்தில் அரைமணி நேரம் விளக்குகிற ஒன்றை அவர் சில ஸ்வரங்களை எழுதாமல் விட்டுச் சொல்லிவிட்டார். 1736-ல் இந்த இசையை அவர் அழகாகப் பிரதி எடுத்தபோது சுவிசேஷ வசனங்களைச் சிவப்பு மையால் எழுதினார். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1950-களில் அறிஞர்கள் தாள், கையெழுத்து இதையெல்லாம் ஆராய்ந்து அவருடைய கான்டாட்டாக்களின் காலத்தைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். 1723-லிருந்து 1750-ல் இறக்கும்வரை லைப்சிக்கில் இருபத்தேழு வருஷமும் வாரந்தோறும் எழுதிக்கொண்டே இருந்தார் என்ற நம்பிக்கை உடைந்தது; பெரும்பாலானவற்றை வந்த முதல் சில வருஷங்களிலேயே எழுதிவிட்டார் என்று தெரிந்தது. 1962-ல் ஃப்ரீட்ரிக் ப்ளூமே என்ற இசையறிஞர் இதை வைத்து, பாக்குக்கு ஆலயப் பணியில் உள்ளார்ந்த பிடிப்பே பெரிதாக இல்லை என்று வாதாடினார். சாதாரண ஆள் சொன்னதில்லை, மதிக்கத்தக்க அறிஞர் சொன்னது. பாக்கின் கடிதங்களில் அதற்குத் தீனியும் உண்டு. 1730-ல் பழைய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், லைப்சிக்கில் காற்று நல்லபடியாக வீசினால் சாவு குறைந்து, சாவுச் சடங்கு வருமானமும் குறைகிறது என்று கணக்குச் சொல்கிறார். நகரசபையோடு ஓயாத சண்டை. அதற்கு முன்பு வைமாரில் வேலையை விடப் பிடிவாதம் பிடித்ததற்காக ஏறக்குறைய ஒரு மாதம் காவலிலும் இருந்தவர்.

ஆனால் இன்னொரு சாட்சி இருக்கிறது. ஆபிரகாம் காலோவ் என்பவர் விளக்கவுரையோடு பதிப்பித்த வேதாகமம், மூன்று பெரிய தொகுதிகள். பாக் தன் கையெழுத்தையும் 1733 என்ற வருஷத்தையும் போட்டு வைத்திருந்த பிரதி 1934-ல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஒரு ஜெர்மன் வம்சாவளிக் குடும்பத்தின் வீட்டில் அகப்பட்டது. இப்போது செயின்ட் லூயிஸ் நகரத்து லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருக்கிறது. அதன் ஓரங்களில் பாக் அடிக்கோடு போட்டிருக்கிறார், அச்சுப்பிழை திருத்தியிருக்கிறார், குறிப்பும் எழுதியிருக்கிறார். 2 நாளாகமம் 5-ஆம் அதிகாரத்தில், எக்காளக்காரரும் பாடகரும் ஒருமித்துத் துதித்தபோது ஆலயம் மேகத்தால் நிறைந்தது என்று வருமே, அந்த இடத்தில் அவர் எழுதியதன் பொருள் இது: பக்தியோடு இசைக்கப்படும் இசையில் கடவுள் தம் கிருபையோடு எப்போதும் கூட இருக்கிறார்.

யாருக்கும் காட்ட எழுதியதில்லை இது. சம்பளமும் கிடையாது, பாராட்டும் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மனிதர் விளக்கொளியில் கனமான புத்தகத்தைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். இறந்த பிறகு எடுத்த கணக்கில் அவரிடம் ஐம்பதுக்கு மேற்பட்ட இறையியல் நூல்கள் இருந்தன. வேலைக்காக மட்டும் நம்பிக்கை வைத்திருந்தவர் வீட்டு அலமாரி இப்படி இருக்காது. சண்டை போட்டார், காசு கணக்குப் பார்த்தார், நம்பினார். மூன்றும் ஒரே ஆள்தான். நம் சபைகளில் இப்படிப்பட்ட பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா என்ன?

அந்த லைப்சிக் வருஷங்களின் உழைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விசுவாச வளர்ப்பு கலைஞனுக்குக் கொடுக்கிற அடுத்த விஷயம் நாட்காட்டி. அடுத்த ஞாயிறு வரும். அதற்கென்று ஒரு சுவிசேஷ பகுதி குறித்திருக்கும். அந்தப் பகுதியை ஒட்டி ஒரு கான்டாட்டா எழுத வேண்டும்; மனைவி, பிள்ளைகள், மாணவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகப் பிரதி எடுக்க வேண்டும்; பையன்களைப் பாட வைக்க வேண்டும்; ஞாயிறு காலை ஆராதனையில் அரங்கேற்ற வேண்டும். திங்கள் விடிந்தால் அடுத்தது. பண்டிகைகளையும் சேர்த்தால் வருஷத்துக்கு அறுபது அளவில். மனம் வரட்டும், எழுதலாம் என்று காத்திருக்க அங்கே இடமே இல்லை. 1724-லிருந்து 25 வரை ஒவ்வொரு வாரமும் ஒரு கோராலை எடுத்து, அதன் மீதே முழு கான்டாட்டாவையும் கட்டினார். ஏறக்குறைய நாற்பது இப்படி வந்தன. இசை வரலாற்றில் இதைவிடச் செழிப்பான ஒரு வருஷத்தை எனக்குக் காட்டத் தெரியவில்லை.

இந்த வருஷங்களில் அவர் வீட்டில் தொட்டில் காலியாவதும் நடந்துகொண்டே இருந்தது. இரண்டு மனைவியரிடமாகப் பிறந்த இருபது பிள்ளைகளில் பத்துப் பேர்தான் பெரியவர்களானார்கள். முதல் மனைவி இறந்தது 1720-ல். பிரபுவோடு வெளியூர் போயிருந்த பாக் திரும்பி வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. சாவைத் தூக்கம் என்றும் வீடு திரும்புதல் என்றும் அவர் இசையமைக்கும்போது தாலாட்டுப் போல ஆடுகிற தாளம் அடிக்கடி வரும். அதைக் கேட்டு ‘இது சபைக்காகச் சொன்ன சம்பிரதாயம்’ என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆலயத்துக்கு வெளியே எழுதியவை என்ன கணக்கு என்று அடுத்த கேள்வி வரும். லைப்சிக்குக்கு முன் அவர் வேலை பார்த்த கோத்தன் அரசவை கால்வின் வழிச் சபையைச் சேர்ந்தது, ஆராதனையில் பெரிய இசைக்கு இடமில்லை. அங்கே இருந்த 1717 முதல் 1723 வரையிலான காலத்தில்தான் பிராண்டன்புர்க் கன்செர்ட்டோக்கள் என்ற வாத்திய இசையைச் சமர்ப்பித்தார், பியானோ படிக்கிறவர்கள் இன்றும் வாசிக்கிற, ‘நாற்பத்தெட்டு’ என்று சொல்லப்படும் தொகுப்பின் முதல் பாகத்தைத் தொகுத்தார். ஒன்பது வயது மகனுக்காகத் தொடங்கிய பயிற்சிப் புத்தகத்தில், விரலடையாளப் பாடங்களுக்கு முன்னாலேயே ‘இயேசுவின் நாமத்தில்’ என்பதன் சுருக்கெழுத்தைப் போட்டிருக்கிறார். நம் வீட்டில் பிள்ளையார் சுழியோ சிலுவைக் குறியோ போட்டுவிட்டு எழுத ஆரம்பிப்போமே, அந்தப் பழக்கம். ஆலய இசையின் முடிவில் ‘கடவுளுக்கே மகிமை’ என்பதற்கான எஸ்.டி.ஜி. என்ற மூன்று எழுத்து.

அவருக்கு இரண்டு உலகத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. 1733-ல் ஓர் அரசியின் பிறந்தநாளுக்கு ஒரு கான்டாட்டா எழுதினார். ‘முரசே முழங்கு’ என்று வார்த்தை, அதனால் டிம்பனி முரசு தனியாக முதலில் அதிரும். மறு வருஷம் அதே இசையைக் கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோவின் தொடக்கமாக வைத்து வார்த்தையை ‘மகிழ்ந்து களிகூருங்கள்’ என்று மாற்றினார். முரசு அப்படியே இருக்கிறது. அரசிக்குப் பொருந்திய சந்தோஷம் மாட்டுத்தொழுவத்துக்குப் பொருந்தாதா என்பதுதான் அவர் எண்ணம் போல.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒருவருடைய சமய வளர்ப்பு அதன் குறைகளையும் சேர்த்தே கொடுக்கும். பாடுகளின் இசையில் ‘அவனைச் சிலுவையில் அறையும்’ என்று கத்துகிற கூட்டத்தின் பாட்டுகள் பயங்கரமான உயிரோடு இருக்கின்றன. யூதர்கள் மீது பழி சுமத்திய ஒரு நீண்ட பிரசங்க மரபு அதற்குப் பின்னால் நிற்கிறது. யோவான் சுவிசேஷத்தின்படியான இசையில் அது இன்னும் உறுத்தும். இன்று அதைப் பாடுகிற குழுக்கள் இதைப் பேசாமல் பாடக்கூடாது என்பது என் கருத்து. மறக்கப்பட்டுக் கிடந்த மத்தேயு பாடுகளின் இசையை 1829-ல் பெர்லினில் மறுபடியும் மேடையேற்றியவர் இருபது வயது ஃபெலிக்ஸ் மெண்டல்சோன். யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்றவர்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியபோது பாக்குக்கு இருபத்தொரு வயது. சீகன்பால்கை உருவாக்கி அனுப்பிய ஹாலே நகரம் லைப்சிக்குக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். அந்த மிஷனரிகள் தங்கள் கோரால்களைக் கூடவே கொண்டுவந்தார்கள். ஃபப்ரிசியுஸ் போன்றவர்கள் அவற்றைத் தமிழில் ஆக்கினார்கள், மெட்டுக்கு ஏற்ற அசைக் கணக்கோடு. பெரிய வெள்ளியன்று நாம் பாடுகிற ‘இரத்தம் காயம் குத்தும்’ அப்படி வந்தது. அதன் மெட்டு 1601-ல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் வெளியிட்ட காதல் பாட்டுடையது. ஒரு பெண்ணால் மனம் கலங்கியவன் பாடுவது. பிறகு அது ஜெர்மன் சபைகளில் மரணத்தைப் பற்றிய பாட்டானது, பிறகு முள்முடி சூடிய சிரசைப் பற்றிய பாட்டானது.

மத்தேயு பாடுகளின் இசையில் பாக் இந்த மெட்டை ஐந்து இடங்களில் கொண்டுவருகிறார். இரண்டாவது முறை அதே ஹார்மனி, ஆனால் அரை ஸ்வரம் கீழே இறங்கி. மூன்றாவது இன்னும் அரை ஸ்வரம் கீழே. கடைசியாக வருவது இயேசு உயிரை விட்ட உடனே: ‘நான் ஒருநாள் போகும்போது நீர் என்னை விட்டுப் போகாதேயும்.’ மெட்டு அதேதான். அடியில் பேஸும் நடுக்குரல்களும் மட்டும் அரை அரை ஸ்வரமாக நழுவி, காலடியில் தரை இல்லாததுபோல ஆகிவிடும். முடிவும் வீடு வந்து சேர்ந்த மாதிரி முடியாது, கேள்வியைப் போல நிற்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் கடைசிக் கவிக்கு இந்த ஹார்மனியை வாசித்தேன். இளைஞனான பாக்கை 1706-ல், அப்போது அவர் ஆர்கன் வாசித்த ஆர்ன்ஸ்டாட் சபை மேலதிகாரிகள் கூப்பிட்டுக் கண்டித்தது எனக்குத் தெரியும்: கோராலுக்குள் விசித்திர ஸ்வரங்களைக் கலந்து சபையைக் குழப்புகிறார் என்று. எங்கள் சபையும் குழம்பியது. ஐந்தாவது வரியில் ஆண்கள் பக்கம் குரல் தளர்ந்தது, கொயரில் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முன் பெஞ்சில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பாட்டி மட்டும், கையில் புத்தகம்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு எழுத்து பிசகாமல் பாடிக்கொண்டே போனார். மற்றவர்கள் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் பார்த்தபோது பாட்டி சொன்னார்: “தம்பி, கடைசிக் கவிக்கு நீ வாசிச்சது பயமா இருந்துச்சு. ஆனா பாட்டு நம்ம பாட்டுதானே, அதான் விடாமப் பாடுனேன்.”

அடுத்த வருஷமும் அதையே வாசித்தேன்.